கண்டுகொள்ளாமையும் காணவியலாமையும்: பார்க்கின்சன் நோயரின் முகக்குறிப்பறிதல் இடர்ப்பாடு – மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பார்க்கின்சன் நோய் கைநடுக்கமும் நடைத்தளர்ச்சியும் மட்டும் தருவதன்று. நோயரின் முகம் உணர்ச்சியைக் காட்டும் திறனை இழப்பதோடு, பிறர் முகத்தில் தோன்றும் உணர்ச்சியை அறியும் திறனும் அவர்களுட் பலருக்குக் குறைகிறது. இவ்விரண்டாவது குறை குடும்பத்தாரால் அன்பின்மையாகக் கருதப்படுகிறது. அவ்வாறு கருதத் தூண்டும் கூறுகள் தமிழ்மொழி வழக்கிலேயே உள்ளன என்பதையும், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இக்குறையைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான சட்டகத்தைத் தருகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, குறிப்பறிதல், பார்க்கின்சன் நோய், நடுக்கு, இளிவரல், கண்டுகொள்ளுதல்.

முன்னுரை

இராஜபாளையத்திற்குத் தெற்கே மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தேவதானம். இப்பகுதியின் ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத்திற்குரியதாகப் போற்றப்படும் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இங்குள்ளது. சோழன் ஒருவன் நட்புப் பரிசென்று நஞ்சு தோய்ந்த ஆடையைப் பாண்டியனுக்கு அனுப்ப, இறைவன் அவனைக் காத்தான் என்பது தலவரலாறு. முகத்தில் நட்பும் அகத்தில் பகையும் கொண்டவனை எவ்வாறு அறிவது என்னும் வினா அக்கதையின் உள்ளே கிடக்கிறது. இக்கட்டுரைக்குரிய வினா அதற்கு மறுதலையானது. அகத்தில் அன்பு இருந்தும் முகத்தில் அது தோன்றாதவனையும், பிறர் முகம் கலங்குவதைப் பார்த்திருந்தும் அக்கலக்கத்தை அறியாதவனையும் நாம் எவ்வாறு அறிவது?

எடுத்துக்காட்டுக்காக இவ்வூர்த் தெருவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முதிர்ந்த கணவர் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து உட்கொள்கிறார். மனைவி தம் உடன்பிறந்தாரை இழந்து அழுத முகத்தோடு வீடு திரும்புகிறார். கணவர் அவரைப் பார்க்கிறார். பின்னர் காப்பி கேட்கிறார். ‘என் மூஞ்சியப் பாத்தும் என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல, கண்டுக்கவே இல்ல’ என்று மனைவி அண்டை வீட்டாரிடம் சொல்லி வருந்துகிறார். கற்பனையே எனினும், இந்நோயரைப் பேணும் குடும்பங்கள் பல இக்காட்சியை அடையாளம் கண்டுகொள்ளும். ‘கண்டுக்கவே இல்ல’ என்னும் அத்தொடரே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

நோயும் நோயறிவின் வரலாறும்

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ‘நடுக்குவாதம் பற்றிய கட்டுரை’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். அவர் விவரித்தவர்கள் அறுவர். அவர்களுட் சிலரைத் தெருவில் கண்ட அளவிலேயே எழுதினார். நோய்க்கு அவர் வகுத்த இலக்கணத்தில் ஒரு கூற்று பின்வந்தோரை நெடுங்காலம் கட்டிப்போட்டது. புலன்களும் அறிவும் கேடுறுவதில்லை என்பதே அது. உடலியக்கத்தின் நோயாகவே இதனைக் கருதும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. நோயருடைய முகம் அசைவற்று இருப்பதை மருத்துவர் கண்டனர். அம்முகத்திற்கு எதிரே இருக்கும் முகத்தை நோயர் எவ்வாறு காண்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

நடுமூளையில் கருநிறப் பகுதியாக உள்ள நரம்பணுக்கள் அழிவதால் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைகிறது. அதனால் மூளையின் அடிக்கருக்கள் இயக்கத்தைத் தொடங்கவும் சீர்செய்யவும் இயலாமல் தடுமாறுகின்றன. இழந்த டோபமினை ஈடுசெய்யத் தரப்படும் லெவோடோபா மருந்தோடு தமிழகத்திற்கும் ஒரு தொடர்புண்டு. நம் மலையடிவாரப் புதர்களில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து அப்பொருளைத் தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் சென்னையில் பிரித்தெடுத்து 1937இல் அறிவித்தனர். இந்நோய்க்கு அது மருந்தாகும் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

அடிக்கருக்களின் பணி கைகால்களோடு முடிவதில்லை. உணர்ச்சியை மதிப்பிடும் அமிக்டலாவோடும், நெற்றிப்புறணியின் கீழ்ப்பகுதியோடும் அவை பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இயக்கத்தில் ஏற்படும் குறை உணர்ச்சியறிவிலும் தடம் பதிப்பது வியப்பன்று.

முகத்தை அறியும் திறன்

நோயரிடம் மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய உணர்ச்சிகளைக் காட்டும் முகப்படங்களைக் கொடுத்து, எது எவ்வுணர்ச்சி எனக் கேட்பது இத்துறையின் வழக்கமான சோதனை. பால் எக்மனும் அவர் தோழர் ஃப்ரீசனும் 1976இல் வெளியிட்ட படத்தொகுதி இதற்குப் பெரிதும் பயன்பட்டுவந்தது. ஜேக்கப்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், முகவுணர்ச்சியைக் கண்டறிதல், மனக்கண்ணில் கொணர்தல், தம் முகத்தில் காட்டுதல் ஆகிய மூன்றிலும் நோயர் பின்தங்கியிருந்தனர். 1998இல் அடால்ஃப்ஸ் குழுவினர் செய்த ஆய்வோ, அறியும் திறன் குறையவில்லை என்றது. முடிவுகள் இவ்வாறு முரண்பட்டிருந்த நிலையில், கிரே, டிக்கிள்-டெக்னென் ஆகியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2010இல் ஒருங்கே மதிப்பிட்டனர். குறை உண்மையானது, அது முகத்தை அறிவதிலும் குரலை அறிவதிலும் உள்ளது, மகிழ்ச்சியைவிடத் துயரம், சினம், அச்சம் போன்ற எதிர்மறை உணர்ச்சிகளில் மிகுதி என்பது அம்மதிப்பீட்டின் சாரம்.

எல்லா நோயருக்கும் இக்குறை உண்டென்பதில்லை. ஒரே அளவிலும் இல்லை. மனச்சோர்வு, கண்பார்வையில் ஒளிநிழல் வேறுபாட்டை உணரும் திறன் குறைதல், கவனத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்ற இயலாமை ஆகியனவும் சோதனை முடிவைத் திரிக்கக்கூடும். மூளையில் மின்முனை பொருத்திச் செய்யும் சிகிச்சை நடுக்கத்தைத் தணிக்கையிலேயே அச்சமுற்ற முகத்தை அறியும் திறனைச் சிலரிடம் குறைத்தது எனப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் 2005இல் காட்டினர். கையை விடுவிக்கும் மருத்துவம் கண்ணுக்கும் நன்மையே செய்யும் என்று கொள்வதற்கில்லை.

குறைக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று தமிழாய்வாளர் கருதத்தக்கது. எதிரில் ஒருவர் சிரித்தால் நம் கன்னத் தசையும், ஒருவர் சுளித்தால் நம் புருவத் தசையும் நாம் அறியாமலே சிறிது அசைகின்றன. அவ்வசைவு நமக்கே திரும்பி உணர்த்தும் செய்தியால் எதிரிலுள்ளார் உணர்ச்சியை விரைந்து அறிகிறோம் என்பது ஒரு கொள்கை. தசை இறுகிய நோயர் முகத்தில் இம்மெல்லிய எதிரொலி எழுவது அரிது. எனவே அறிதலும் தளர்கிறது. இக்கொள்கை இன்னும் முற்ற நிறுவப்படவில்லை. எனினும், காட்டுதலும் காணுதலும் ஒரே உடலின் இருவேறு செயல்கள் அல்ல என்னும் அதன் கருத்து, நம் இலக்கண மரபுக்கு அயலானதன்று.

மெய்ப்பாட்டியலின் இரு முனைகள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாகிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதைப் பற்றியது என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது பாதி விளக்கமே. அச்சம் ஒருவனுள் எழுந்து, அவன் மெய்யில் தோன்றி, பார்ப்பவனைச் சென்றடையும்போதுதான் மெய்ப்பாடு நிறைவுறும் என்பது இளம்பூரணர் உரையால் பெறப்படும் கருத்து; இதற்குச் சான்றாக அவர் செயிற்றியத்தை எடுத்தாள்கிறார். சுவைக்குரிய பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, அதனால் உள்ளத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பால் உடலில் விளையும் விறல் எனப் பேராசிரியர் இதனை நான்கு நிலைகளாக வகுக்கிறார். கண்ணீர் துளிர்ப்பதும் மயிர் சிலிர்ப்பதும் விறலின்பாற்படும்.

இயலின் இறுதி நூற்பாவோ முற்றிலும் காண்பவனைப் பற்றியது. கண்ணாலும் காதாலும் உறுதிபட உணரும் ஆற்றல் உடையவர்க்கன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருளைக் கொள்வது அரிது என்பது அதன் கருத்து. உரையாசிரியர் காலத்திலிருந்து இன்றுவரை இதனை நுண்ணுணர்வு உடையார்க்குச் சூட்டிய பாராட்டாகவே படித்துவந்துள்ளோம். பார்க்கின்சன் நோயை முன்வைத்துப் படிக்கும்போது அது ஒரு நிபந்தனையாகத் தெரிகிறது. மெய்ப்பாட்டை அறிவதற்குத் தனியொரு உணர்திறன் வேண்டும். அது எல்லாரிடத்தும் எப்போதும் இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது. கண்ணோடு செவியையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்வது கருதற்குரியது. நோயர்க்கு முகத்தோடு குரலும் புரியாமற் போவதை ஆய்வுகள் காட்டுகின்றன என்று மேலே கண்டோம்.

நடுக்கு

எண்வகை மெய்ப்பாடுகளுக்குப் பின் தொல்காப்பியர் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் தொகுத்துள்ளார். அத்தொகுதியின் கடைசிச் சொல் நடுக்கு. அன்பு, அச்சம் முதலியவற்றால் உள்ளம் அதிர்வது உடலில் வெளிப்படுதல் என்பது அதன் பொருள். மடிமையும் கையாறும் வியர்த்தலும் அதே பட்டியலில் உள்ளன. பார்க்கின்சன் நோயில் இவையனைத்தும் உள்ளத்துக் காரணம் இன்றியே உடலில் தோன்றக்கூடும். அச்சமில்லாமல் கை நடுங்குகிறது. சோம்பலில்லாமல் உடல் மந்தப்படுகிறது. இலக்கண மரபில் பழகிய கண் இந்நடுக்கத்திற்குப் பின்னே ஓர் உணர்ச்சியைத் தேடும். ஊரார் ‘பயந்து நடுங்குகிறார்’ என்பதும் அத்தேடலே.

ஆக, இந்நோய் மெய்ப்பாட்டின் தொடரை மூன்றிடத்தில் அறுக்கிறது. குறிப்பு இல்லாமல் விறல் தோன்றுவது ஒன்று. குறிப்பு இருந்தும் முகத்தில் விறல் தோன்றாமை மற்றொன்று. பிறர்பால் தோன்றிய விறல் நோயரை வந்தடையாமை மூன்றாவது. முதலிரண்டையும் பார்ப்பவர் கண்ணால் காணலாம், மருத்துவரிடம் சொல்லலாம். மூன்றாவதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவுமில்லை. நோயருக்கே அது தெரிவதில்லை. தாம் ஒன்றைத் தவறவிட்டோம் என்பதை அறியவும் அதே திறன் வேண்டுமன்றோ?

குறிப்பறிதலும் குற்றமும்

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று அமைச்சியலில் 71ஆவது. மற்றொன்று களவியலில் 110ஆவது. அரசவையில் பிழைப்பதற்கும் காதலில் நிலைப்பதற்கும் ஒரே திறன் வேண்டும் என்பது இவ்வமைப்பால் புலனாகிறது. அடுத்துள்ள பொருளைக் காட்டும் பளிங்கு முகத்திற்கு உவமையாவதும் (706), பிறர் உள்ளத்தை ஐயமற உணர்பவன் தெய்வத்தோடு ஒப்ப வைக்கப்படுவதும் (702) பலரும் அறிந்தவை. 704, 705ஆம் குறள்களின் கடுமை அத்துணை கவனிக்கப்படுவதில்லை. சொல்லாமலே உணர்பவரும் அவ்வாறு உணராதவரும் உறுப்பால் ஒத்திருந்தும் வேறானவர் என்கிறது முதலாவது. குறிப்பை உணராத கண் இருந்து என்ன பயன் என்று வினவுகிறது அடுத்தது.

மேற்கூறிய தேவதானத்து முதியவரை இக்குறள்கள் முன் நிறுத்தினால் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமையும். ஆயினும் வள்ளுவர் பேசுவது பயிற்சியாலும் முயற்சியாலும் பெறத்தக்க அமைச்சனின் திறனைப் பற்றி. நோயால் இழந்தவனைப் பற்றியன்று. அன்றியும், பகையையும் நட்பையும் கண் சொல்லும் என்னும் 709ஆம் குறள், கண்ணின் வேறுபாடுகளை உணர்வாரைப் பெற்றால் என்றொரு வரையறையையும் உடன் வைக்கிறது. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா சொல்லும் நிபந்தனையே இது. நட்பைப் பற்றிய 786ஆம் குறள் முகமலர்ச்சியை நட்பின் அளவுகோலாகக் கொள்ள மறுத்து, நெஞ்சின் மலர்ச்சியைக் கேட்கிறது. அனிச்ச மலரை உவமை கூறும் 90ஆம் குறளோ, முகம் சற்று வேறுபட்டாலே வாடும் விருந்தினரைக் காட்டுகிறது. முகம் இறுகிய நோயர் வீட்டுத் திண்ணையில் இவ்விரு குறள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வாடித் திரும்பும் விருந்தினர் அறியாமல் செய்யும் பிழைக்கு, 90ஆம் குறளை மட்டும் மனப்பாடம் செய்துவைத்த நம் கல்வியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

‘கொள்’ என்னும் துணைவினை

இனி, தொடக்கத்தில் கண்ட தொடருக்கு வருவோம். ‘கண்டுகொள்’ என்பதன் உடன்பாட்டு வடிவம் அறிதலைக் குறிக்கும்: ‘கூட்டத்தில் தன் மகனைக் கண்டுகொண்டாள்.’ எதிர்மறையில் அது பெரும்பாலும் புறக்கணித்தலையே குறிக்கிறது. ‘கண்டுகொள்ளவில்லை’ என்றால் அறிய இயலவில்லை என்று இன்று எவரும் பொருள்கொள்ளார். பார்த்தும் பாராதவர்போல் இருந்தார் என்றே கொள்வர். ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயன் செய்பவனையே சார்வதையும், பல இடங்களில் அச்செயலில் அவன் விருப்பம் கலந்திருப்பதையும் உணர்த்துவது. எனவே அதன் மறுப்பும் விருப்பத்தின் மறுப்பாகிவிடுகிறது. இயலாமையைச் சொல்லவேண்டிய இடத்தில் மொழி வேண்டாமையைச் சொல்கிறது.

முகத்தைப் பற்றிய பிற வழக்குகளும் இவ்வாறே. ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்’, ‘உம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறார்’ என்பவற்றில் முகம் ஒருவர் விரும்பி வைக்கும் பொருள். ‘முகம் கொடுத்துப் பேசுவதில்லை’ என்பதில் அது ஒருவர் கொடுக்கவோ மறுக்கவோ கூடிய கொடை. ‘முகம் வாடியது’, ‘முகம் மலர்ந்தது’ என்பன தன்னியல்பாய் நிகழ்வன. ஆயினும் அவை முகம் அசைந்தால் மட்டுமே பயன்படும். அசையாத முகத்தைக் குற்றஞ்சாட்டாமல் குறிக்கும் எளிய சொல் பேச்சுவழக்கில் அரிது. ‘முகத்தில் ஈயாடவில்லை’ என்பதுகூட அதிர்ச்சியையோ நாணத்தையோ ஏற்றிச் சொல்வதே. மருத்துவர் பயன்படுத்தும் ‘முகமூடி முகம்’ என்னும் மொழிபெயர்ப்பு இன்னும் தீங்கானது. முகமூடி என்பது மறைப்பதற்காக அணிவது. ‘இறுகிய முகம்’ என்பது குறிப்பேற்றம் இல்லாத சொல்லாகப் பரிந்துரைக்கத்தக்கது.

நோயருள் சிலருக்கு ஆர்வமின்மை என்னும் தனிக்குறை உண்டு என்பதையும் மறைத்தலாகாது. அவர்களுக்கு உணர்ச்சியில் நாட்டமே குறைந்திருக்கும். அதுவும் நோயின் விளைவே எனினும், குறிப்பறியாமையினின்று வேறானது. குடும்பத்தார் சொல்லும் ‘கண்டுகொள்ளவில்லை’ இரண்டில் எதனைச் சுட்டுகிறது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அதற்கேற்ற வினாவைத் தமிழில் அமைப்பது நம் வேலை.

சோதனைக் கருவியின் தமிழ்

மேலைநாட்டு முகங்கள் இந்தியருக்கு ஒவ்வாமையை உணர்ந்து, பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தினர் 2008இல் இந்திய நடிகர்களின் முகங்களைக் கொண்டு ‘டிரெண்ட்ஸ்’ என்னும் கருவியை உருவாக்கினர். நிலைப்படங்களோடு அசையும் படங்களும் அதில் உள்ளன. உறைந்த ஒளிப்படத்தைவிட அசையும் படம் மெய்ப்பாட்டிற்கு அணிமையானது, விறல் ஒரு நிகழ்ச்சியாதலின்.

முகம் இந்திய முகமாயிற்று. சொல்லை என்ன செய்வது? அருவருப்பு என்பதைப் பார்க்கின்சன் நோயர் அறிவதில்லை எனச் சில ஆய்வுகள் கூறும். தமிழ் நோயரிடம் இதனைச் சோதிப்பவர் ‘அருவருப்பு’ என்று கேட்பதா, ‘வெறுப்பு’ என்று கேட்பதா, ‘முகம் சுளிப்பு’ என்று கேட்பதா? மூன்றும் ஒன்றல்ல. தொல்காப்பிய எட்டில் இதற்கு நிகராக வைக்கப்படும் இளிவரலோ இன்னும் விலகி நிற்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். அவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என்பது உரை. அழுகிய பழத்தைக் கண்டு மூக்கைச் சுருக்குவது இதிலடங்காது. மூப்பும் பிணியும் மென்மையும் ஒருங்கே உற்ற பார்க்கின்சன் நோயர் தம்மைப் பற்றியே உணரும் சிறுமை இதிலடங்கும். பிறர் முகத்தில் தம்மைக் குறித்து அச்சிறுமை தோன்றுகிறதோ என்று அஞ்சி விருந்துக்கும் திருவிழாவுக்கும் செல்லாமல் ஒதுங்குவோர்க்கு, அம்முகங்களைச் சரியாகப் படிக்கும் திறனும் குறைந்திருக்கிறது என்பதைச் சேர்த்து எண்ணவேண்டும். நகையையும் உவகையையும் வேறாகவும், பெருமிதத்தைத் தனியாகவும் வைத்த தொல்காப்பியப் பகுப்பு, ‘மகிழ்ச்சி’ என்னும் ஒரே கட்டத்தில் எள்ளற் சிரிப்பையும் அன்புச் சிரிப்பையும் அடைக்கும் சோதனையைத் திருத்த உதவும். எள்ளலை அன்பாகக் கொண்ட நோயர் சோதனையில் முழு மதிப்பெண் பெறுவார், தெருவில் ஏமாறுவார்.

ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவதிலிருந்து மற்றொரு பயனும் உண்டு. தனித்த முகத்தைக் காட்டி உணர்ச்சியின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், சூழலோடு சேர்த்தும் கேட்கலாம். இழவு வீட்டிலிருந்து வரும் பெண்ணின் முகம் என்று சொல்லிக் காட்டும்போது நோயர் சரியாக விடையளித்தால், அவருக்குக் குறைந்திருப்பது துயரத்தைப் பற்றிய அறிவன்று, முகவாயில் மட்டுமே என்பது தெளிவாகும். மருத்துவர் குடும்பத்தாரிடம் கேட்கவேண்டிய வினாக்களும் இவ்வாறு மாறவேண்டும். ‘உங்களைக் கண்டுகொள்கிறாரா?’ என்பதை விடுத்து, ‘நீங்கள் சொல்லாதபோது உங்கள் வருத்தம் அவருக்குத் தெரிகிறதா?’ என்றும், அடுத்து ‘சொன்ன பிறகு அவர் வருந்துகிறாரா?’ என்றும் தனித்தனியே கேட்கலாம். முதல் வினாவுக்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆம் என்றும் விடை வரும் வீட்டில் அன்பு குறையவில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் நோயரை எட்டாதிருக்கலாம் ஆதலின், அங்கே பெருமூச்சும் உரத்த குரலும் பயன்தரா; ‘தம்பி போயிட்டான், எனக்கு அழுகையா வருது, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க’ என்று மனைவி வாய்விட்டுச் சொல்லவேண்டும்.